'புளூ': தையல் மேசையருகே முப்பது வருடம்

2023 தை மாதம் என் பிறந்தநாளுக்கு மகள் இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்றில் சின்ன றெக்கோட் பிளேயர். மற்றதில் கனடியப் பாடகி ஜோனி மிச்செலின் 'புளூ', பெரிய இசைத்தட்டாக. "அம்மா, உங்கட சீடி தேய்ஞ்சு போச்சு. இனி இதில கேளுங்கோ" என்றாள். அந்தச் சீடியை நான் 1992இல் வாங்கினேன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு ட்றை கிளீனிங் கடையின் பின்பக்கத்தில், என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில், அது முப்பது வருடம் ஓடியிருக்கிறது. அதனால் புதுச் சாமான் ஒன்றைப் பார்க்கிற கண்ணோடு இதை என்னால் பார்க்க முடியாது. இருக்கிறது பழைய பாட்டுகள் பத்து. ஆனால் இதை வாங்கலாமா என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு எனக்கு நிறைய இருக்கிறது.

முதலில் சாமானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அல்பம் வெளிவந்தது 1971 ஜூனில். ஐம்பது வருடம் முடிந்த 2021இல் அவருடைய முதல் நான்கு அல்பங்களையும் பழைய ஒலிநாடாவிலிருந்து புதிதாகச் சீர்செய்து வெளியிட்டார்கள். மகள் வாங்கியது அதற்குப் பிறகு அச்சான தட்டு. இணையத்தில் எடுப்பித்த முதல் தட்டு வளைந்து வந்தது. ஊசி அலையில் வள்ளம் ஏறி இறங்குவதுபோல ஏறி இறங்க, பியானோ அழுகிற குரலில் கேட்டது. அனுப்பியவர்கள் மாற்றித் தரவில்லை. பிறகு அவள் கடைக்கு நேரே போய், தட்டைக் கண்மட்டத்தில் பிடித்துப் பார்த்து, வேறொன்று வாங்கி வந்தாள். நாற்பது டொலருக்குள் முடிந்தது. இதை வாங்குகிறவர்களும் அப்படிப் பார்த்தே வாங்குங்கள். இந்த அல்பத்தில் வாத்தியங்கள் மிகக் குறைவு என்பதால் தட்டில் சின்னக் குறை இருந்தாலும் ஒளித்துக்கொள்ள இடமில்லை. மெல்லிய வெள்ளைத் துணியில் கறை விழுந்ததுபோலத் தெரியும்.

உறை முழுக்க நீலம். அந்த நீலத்துக்குள் ஜோனியின் முகம், பாதி இருளில், கண்கள் தாழ்ந்தபடி. சீடியில் உள்ளங்கை அளவாக இருந்த முகம் இப்போது உண்மையான முகத்தளவு இருக்கிறது. முதல் நாள் அதை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு நான் கொஞ்சநேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த அல்பத்துக்கு நான் வந்த வழியைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் விளங்காது. நான் 1989 ஐப்பசியில் ரொறன்ரோவுக்கு வந்தேன். இரண்டு வயது மகளை யாழ்ப்பாணத்து உடுவிலில் என் அம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆறு மாதத்தில் எடுப்பித்துவிடலாம் என்றார்கள். அடுத்த வருடம் சண்டை திரும்பத் தொடங்கியது. அவள் பாட்டியோடு கிளாலிக் கடலால் வெளியேறி, கொழும்பு வந்து, என்னிடம் வந்து சேரும்போது 1993 ஆடி. வயது ஆறு.

இடையில் 1991 டிசெம்பர். நான் வேலை செய்த கடை ஒரு கொரிய அம்மாவுடையது. காலையில் வானொலியைத் திறந்தால் பின்னேரம் கடை பூட்டும்வரை பாடும். நத்தார் மாதம் என்றால் முழுக்க நத்தார்ப் பாட்டுகள்தான். ஒரு பின்னேரம் பியானோவில் 'ஜிங்கிள் பெல்ஸ்' தொடங்கியது. ஆனால் வழமையாகத் துள்ளிக்கொண்டு போகாமல், சில அடி போனதும் இருட்டுக்குள் இறங்கிவிட்டது. எனக்குக் கை நின்றுவிட்டது. யாரோ ஒரு காற்சட்டையின் விளிம்பு மெஷின் ஊசிக்குக் கீழே அப்படியே கிடந்தது. பிறகு அந்தப் பெண் குரல் வந்தது. என் அப்போதைய ஆங்கிலத்துக்குப் பாதிதான் பிடிபட்டது. நத்தார் நெருங்குகிறது, எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், பாடுகிறவளுக்கு மட்டும் சறுக்கிக்கொண்டு தப்பிப் போக ஒரு உறைந்த ஆறு வேண்டியிருக்கிறது. அவ்வளவு விளங்கியது. அது போதுமாக இருந்தது.

அந்தப் பாட்டுத்தான் 'ரிவர்'. கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் 1943இல் பிறந்து, சாஸ்கற்றூனில் வளர்ந்தவர் ஜோனி. அவர் ஊரில் ஆறு குளிருக்கு உறையும். பாட்டைப் பாடும்போது இருந்ததோ கலிஃபோர்னியாவின் பனி விழாத பக்கத்தில். எனக்கு எல்லாம் மறுபக்கமாக இருந்தது. சுற்றிவர உறைந்து கிடந்தது, மனம் முழுக்க உடுவில் ஒழுங்கையில் நின்றது. ஆனாலும் இது என் பாட்டு என்று அந்த நிமிடமே முடிவெடுத்துவிட்டேன். அறிவிப்பாளர் சொன்ன பெயரை உடுப்பில் குத்துகிற ரிக்கற் துண்டின் பின்பக்கம் தமிழில் எழுதி வைத்தேன். இரண்டு மாதம் கழித்து யங் வீதியில் ஒரு பழைய சீடிக் கடையில் அதை வாசித்துக் காட்டினேன். கடைப் பெடியன் இரண்டாவது தடவையிலேயே விளங்கிக்கொண்டான்.

வீட்டுக்குக் கொண்டுபோய் முழுவதையும் கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் உங்களுக்கும் அப்படி நடக்கலாம். குரல் மேலே மேலே போகிறது. ஒரு சொல்லுக்குள்ளேயே மூன்று படி ஏறி, எதிர்பாராத இடத்தில் விழுகிறது. பி. சுசீலாவைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது நிற்க இடமில்லாமல் அலைகிற குரலாக இருந்தது. ஒரு கிழமை சீடியைத் தொடவில்லை. பிறகு ஒரு இரவு 'ரிவர்' மட்டும் போட்டேன். அடுத்த இரவு அதற்குப் பின்னால் வருவதையும் சேர்த்துக் கேட்டேன். அப்படி ஒவ்வொன்றாக உள்ளே வந்தவைதான் மற்ற ஒன்பதும். இப்போது யோசித்தால், அந்தக் குரல் மெட்டைப் பாடவில்லை, கதைக்கிறது. கோபமாய்க் கதைக்கும்போது நாங்கள் எல்லோருமே ஒரு சொல்லை எங்கேயோ ஏற்றி எங்கேயோ இறக்குகிறோம்தானே.

வாத்தியங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'மை ஓல்ட் மான்', 'புளூ', 'ரிவர்', கடைசிப் பாட்டான 'த லாஸ்ற் ரைம் ஐ சோ ரிச்சர்ட்' ஆகிய நான்கிலும் அவரும் பியானோவும் மட்டும்தான். 'லிற்றில் கிறீன்' ஒரு கிற்றாரோடு. வேறு நான்கு பாட்டுகளில் டல்சிமர் என்ற வாத்தியம் வருகிறது. அமெரிக்காவின் அப்பலேச்சியன் மலைக்காரர்கள் மடியில் கிடத்தி வாசிப்பது, ஒடுங்கிய உடம்பு, கணகணவென்ற சத்தம். முதல் பாட்டான 'ஓல் ஐ வோன்ற்' அதோடுதான் தொடங்குகிறது. புதுத் தட்டில் அந்தக் கம்பிகளில் விரல் படுகிற சத்தமே கேட்கிறது. ஜேம்ஸ் ரெய்லர் மூன்று பாட்டில் கிற்றார் வாசித்திருக்கிறார், ஸ்ரீபன் ஸ்ரில்ஸ் 'கேரி'யில், றஸ் குங்கெல் சில இடங்களில் மெல்லியதாக ட்றம்ஸ். எல்லாம் பெரிய கைகள். ஆனால் ஒருவரும் அந்த அறைக்குள் காலை நீட்டி உட்காரவில்லை. வந்து, தேவையானதைச் செய்துவிட்டு, கதவோரம் நிற்கிறார்கள்.

அவருடைய கிற்றாரைப் பற்றிப் பிற்காலத்தில் அறிந்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒன்பது வயதில் ஜோனிக்குப் போலியோ வந்தது. இடது கை பலவீனமாகிவிட்டது. கிற்றாரில் கடினமான பிடிகளை அந்தக் கையால் பிடிக்க முடியவில்லை. அதனால் அவர் கம்பிகளின் சுருதியையே மாற்றி, தன் விரல்களுக்கு வசதியாக வைத்துக்கொண்டார். ஒரு பாட்டுக்கு ஒரு சுருதி, இன்னொன்றுக்கு வேறு. அதனால்தான் அவருடைய கிற்றார் வேறு யாருடையதுபோலவும் கேட்பதில்லை. என் வேலையே அதுதான். ஒரு தோள் சரிந்தவர் வருவார், ஒரு கால் குட்டையானவர் வருவார். உடம்பைத் திருத்த முடியாது, உடுப்பைப் பிரித்துத் தைக்கலாம். அவர் கிற்றாரைத் தன் கைக்கு அளவெடுத்திருக்கிறார்.

சரி, இப்போது சொற்களுக்கு வருகிறேன். இந்த அல்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள், அவர் தன் வாழ்க்கையை அப்படியே திறந்து வைத்துவிட்டார் என்று. அது பொய்யும் இல்லை. அந்த நாட்களில் தனக்கு எந்தக் கவசமும் இருக்கவில்லை, சிகரெட் பெட்டியைச் சுற்றியிருக்கும் செலோபேன் தாள்போல இருந்தேன் என்று 1979இல் ஒரு பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார். ஹொலிவூட்டில் ஏ அண்ட் எம் ஸ்ரூடியோவில் பதிவு நடந்தபோது யாராவது தன்னை உற்றுப் பார்த்தாலே அழுகை வந்துவிடும் என்பதால் கதவுகளைப் பூட்டிக்கொண்டுதான் வேலை செய்தார்களாம். அவரும் ஒலிப்பதிவாளர் ஹென்றி லூவியும் சேர்ந்து செய்த வேலை அது. முடிந்ததும் பாடகர் கிறிஸ் கிறிஸ்ரோஃபர்சனுக்குப் போட்டுக் காட்டினார். அவர் கேட்டுவிட்டு, உனக்கென்று கொஞ்சத்தையாவது வைத்துக்கொள் என்றாராம்.

ஆனால் அவர் வைத்துக்கொண்டுதான் இருந்தார் என்பது என் எண்ணம். இந்த அல்பம் இவ்வளவு காலம் நின்றதற்கே காரணம் அதுதான். எதைக் காட்டுவது, எதை உள்ளே மடித்துத் தைப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்றாவது பாட்டு 'லிற்றில் கிறீன்'. நான் சீடி வாங்கிய காலத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். பச்சை என்று ஒரு பெயர், வசந்தகாலம், தொங்குகிற பனிக்கட்டி, பிறந்தநாள் உடுப்பு, இடையில் ஏதோ தாளில் கையெழுத்து வைப்பது. மெட்டு தாலாட்டுப்போல இருந்தது. முழுதாக விளங்கவில்லை. விளங்காதது என் ஆங்கிலத்தின் குறை என்றுதான் நினைத்தேன். 1971இலேயே 'ரோலிங் ஸ்ரோன்' இதழின் விமர்சகர் அந்தப் பாட்டு யாருக்கும் விளங்காதபடி மறைத்து எழுதப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கும் பிடிபடவில்லை.

உண்மை 1990களில்தான் வெளியே வந்தது. 1965இல், இதே ரொறன்ரோவில், இருபத்தொரு வயதில், கல்யாணம் ஆகாமல், கையில் காசு இல்லாமல் ஜோனி ஒரு பெண்குழந்தையைப் பெற்றார். ஊரில் தாய் தகப்பனுக்குச் சொல்லவில்லை. வளர்க்க வழியில்லாமல் தத்துக்கொடுத்தார். பாட்டில் வருகிற பச்சை, அவர் குழந்தைக்கு வைத்த பெயருக்குள் ஒளிந்திருந்த நிறம். தாளில் வைத்த கையெழுத்து, தத்துக்கொடுத்த கையெழுத்து. தாயும் மகளும் மறுபடி சந்தித்தது 1997இல். அந்த வருடம் பத்திரிகையில் செய்தியை வாசித்தபோது என் மகளுக்குப் பத்து வயது, அவள் என்னோடு இருந்து நான்கு வருடம். நான் குசினி மேசையில் இருந்தபடி பத்திரிகையை மடித்துவைத்துவிட்டுச் சீடியைப் போட்டேன். ஐந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு அன்றைக்குத்தான் வாயைத் திறந்தது.

அந்தப் பாட்டில் ஒரு இடம். தானே குழந்தையாக இருக்கிற ஒருத்தி, வீட்டுக்கு எழுதுகிற பொய்களால் களைத்துப் போயிருக்கிறாள் என்று வரும். கவலை இருக்கிறது, ஆனால் வெட்கப்படவில்லை என்றும் சொல்கிறாள். அந்த நாட்களில் யோர்க்வில் பகுதிக் கோப்பிக் கடைகளில் பாடிக்கொண்டு, வாடகைக்காக நகரத்துப் பெரிய கடை ஒன்றின் பெண்கள் உடுப்புப் பிரிவில் வேலை செய்துகொண்டு, ஊருக்குச் சுகம் என்று எழுதிய பெண் அவர். நானும் இதே நகரத்தில் நீல ஏரோகிராம்களில் அதைத்தான் எழுதினேன். அறை நல்லது, குளிர் பழகிவிட்டது, சாப்பாட்டுக்குக் குறையில்லை, பிள்ளைக்குப் பால்மாவுக்குக் காசு அனுப்பியிருக்கிறேன். அறையில் ஐந்து பேர் இருந்தோம். கடிதம் போய்ச் சேர மாதக்கணக்கு. அம்மாவும் எழுதினாள், இங்கே எல்லாம் அமைதி, பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது என்று. இரண்டு பக்கமும் பொய். இந்த நகரத்தில் என்னைப்போல எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள்.

கிறிஸ்ரோஃபர்சன் சொன்னதற்குத் திரும்புகிறேன். இந்தத் தட்டில் மிகவும் வலிக்கிற பாட்டு எதுவோ அதைத்தான் அவர் யார் கண்ணுக்கும் படாமல் நடுவீட்டில் வைத்திருந்தார். இருபது வருடத்துக்கு மேலாக ஆயிரமாயிரம் பேர் கேட்டார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டின் ஒவ்வொரு சொல்லும் நடந்ததுதான். நல்ல தையல்காரி செய்த சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஓரம் எல்லாம் மடித்து அடித்திருக்கும், ஒரு நூலும் தொங்காது. மனதில் உள்ளதை எல்லாம் கொட்டிவிட்டேன் என்று சொல்கிற பாட்டுகள் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. அவற்றில் பலவற்றை இரண்டாம் தடவை கேட்க எனக்கு மனம் வருவதில்லை. கொட்டியதைப் பார்த்தாகிவிட்டது, அவ்வளவுதான்.

அவர் எவ்வளவு கவனமாக வெட்டித் தைத்தார் என்பதற்கு இன்னொன்று. அல்பம் அச்சுக்குப் போகத் தயாரான நிலையில் இரண்டு பழைய பாட்டுகளை வெளியே எடுத்துவிட்டு, புதிதாக இரண்டைச் சேர்த்தார். சேர்த்தவை 'ஓல் ஐ வோன்ற்', 'த லாஸ்ற் ரைம் ஐ சோ ரிச்சர்ட்'. அதாவது முதல் பாட்டும் கடைசிப் பாட்டும். அயர்ன் பண்ணி மாட்டிவிட்ட உடுப்பைக் கழற்றி, கழுத்தையும் விளிம்பையும் பிரித்து மறுபடி தைப்பதற்கு எவ்வளவு மனத்துணிவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டும் இல்லாமல் இந்த அல்பத்தை நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒன்று, பயணம் போகிற ஒருத்தி எனக்கு இது வேண்டும் அது வேண்டும் என்று மூச்சுவிடாமல் அடுக்குவது. காதலிக்கவும் வேண்டும், தலைக்குக் குளிப்பாட்டவும் வேண்டும், கம்பளிச் சட்டை பின்னிக் கொடுக்கவும் வேண்டும். மற்றது, ஒன்பது பாட்டு கடந்து, அதே ஒருத்தி வெளிச்சம் குறைந்த ஒரு கடையில் தனியாக இருப்பது.

கடைசிப் பாட்டில் வருகிற ரிச்சர்ட் 1968இல் டிற்றோயிற்றில் அவரோடு கதைக்கிறான். கனவு காண்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் கசந்துபோய்க் குடித்துக்கொண்டு இருப்பார்கள் என்று புத்தி சொல்கிறான். பிறகு அவனே கல்யாணம் செய்து, பாத்திரம் கழுவுகிற மெஷினும் கோப்பி போடுகிற மெஷினும் வாங்கி, இரவில் தொலைக்காட்சியைத் திறந்து வைத்துக்கொண்டு குடிக்கிறான். அந்த மெஷின்களின் பெயரைப் பாட்டில் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு மனிதன் தோற்றுப்போனதை அவன் வாங்கிய வீட்டுச் சாமானை வைத்தே சொல்லிவிடலாம் என்று நான் நினைத்ததில்லை. அந்தக் குடும்பத்தின் குசினி எனக்குக் கண்ணுக்குத் தெரிகிறது.

'ஏ கேஸ் ஒஃப் யூ' பற்றி எல்லோரும் எழுதுவார்கள். நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1992இல் எங்களுக்குக் 'கேஸ்' என்றால் ஒன்றே ஒன்றுதான், அகதிக் கேஸ். "உன்ர கேஸ் எப்ப?", "கேஸ் முடிஞ்சுதா?" என்றுதான் சனம் சுகம் விசாரிக்கும். அதனால் அந்தப் பாட்டை நான் உன் வழக்கு என்று விளங்கிக்கொண்டேன். தீர்ப்புக்காகக் காத்திருக்கிற ஒருத்தி பாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்காகக் கேட்டேன், எனக்கு அது சரியாகவே பொருந்தியது. பிறகுதான் அது வைன் போத்தல்கள் அடுக்கிய பெட்டி என்று தெரிந்தது. ஒரு பெட்டி முழுக்க உன்னைக் குடித்தாலும் நான் நிலைதடுமாறாமல் நிற்பேன் என்கிறாள். அதே பாட்டில், ஒரு பாரில் நீலத் தொலைக்காட்சி வெளிச்சத்தில் காகிதத் துண்டில் கனடாவின் படத்தைக் கீறி, அதன்மேல் அவனுடைய முகத்தையும் வரைகிறாள். கனடா என்ற சொல்லை அந்த இடத்தில் அவர் நீட்டிப் பாடுகிற விதம் இருக்கிறதே, தூரத்தில் இருந்து ஊரின் பெயரைச் சொல்லிப் பார்க்கிறவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். என் ஊர் வேறு, அவர் ஊர் வேறு. சொல்கிற விதம் ஒன்று.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். 'மை ஓல்ட் மான்' எனக்கு இன்றும் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறது. அதில் இருக்கிற சந்தோஷத்தில் நான் நுழைய இடம் கிடைப்பதில்லை. தலைப்புப் பாட்டான 'புளூ' அழகானது, ஆனால் மேகமூட்டமாக இருக்கிறது. 'கேரி' எதிர்ப்பக்கம், வெயில். 1970இல் கிறீஸின் கிறீற் தீவில், மாத்தலா என்ற ஊரில், மலைக்குகைகளில் இளைஞர்கள் குடியிருந்த இடத்தில் அவர் தங்கியிருந்தபோது பிறந்த பாட்டு. நகத்துக்குள் அழுக்கு, வெள்ளைப் படுக்கை விரிப்புக்கும் வாசனைத் தைலத்துக்கும் ஏக்கம், நாளைக்குப் போய்விடலாம் என்ற நினைப்பு, இன்று இரவு மட்டும் ஆட்டம். வேலை கூடின சனிக்கிழமைகளில் எனக்கு இதுதான். 'திஸ் ஃபிளைற் ருநைற்' விமானத்தில் இருந்தபடி ஏன் ஏறினேன் என்று கலங்குகிற பாட்டு. அதில் ஒரு இடத்தில் ஒலி திடீரென்று சுருங்கி, விமானத்தில் தருகிற காதுக்கருவிக்குள் கேட்பதுபோல ஆகும். அந்த விளையாட்டு புதுத் தட்டில் துல்லியமாகத் தெரிகிறது.

தட்டாக வாங்கினால் கிடைக்கிற முக்கியமான இன்னொன்று, பக்கம் திருப்புவது. முதல் பக்கம் 'புளூ'வோடு முடிகிறது. எழும்பிப் போய்த் திருப்பிப் போட வேண்டும். சீடியில் அந்த இடைவெளி இல்லை, உடனே 'கலிஃபோர்னியா' துள்ளிக்கொண்டு வந்துவிடும். முப்பது வருடம் அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, காரணம் தெரியாமல். இப்போது அந்த இடத்தில் ஊசி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. நான் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழும்புகிறேன். அந்த அமைதியும் அல்பத்தோடு சேர்ந்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டு பக்கமும் சேர்ந்து முப்பத்தாறு நிமிடம்தான்.

தொலைபேசியில் கேட்டால் போதாதா என்று கேட்பீர்கள். கேட்கலாம். ஆனால் 2022 ஜனவரியில் அவர் தன் பாட்டுகளை ஸ்பொற்றிஃபையிலிருந்து எடுத்துவிட்டார், கொவிட் தடுப்பூசி பற்றிய பொய்களை அது பரப்புகிறது என்ற எதிர்ப்பில். 2024 மார்ச்சில்தான் திரும்பின. அந்த இரண்டு வருடமும் என் வீட்டில் பாட்டு நிற்கவில்லை.

'ரோலிங் ஸ்ரோன்' இதழ் மிகச் சிறந்த 500 அல்பங்கள் என்று ஒரு பட்டியல் போடும். 2003இல் 'புளூ' முப்பதாவது இடத்தில் இருந்தது. 2020இல் மூன்றாவது. காலம் போகப் போக மேலே ஏறியிருக்கிறது. இதில் எனக்கு வியப்பில்லை. இருபது வயதில் இதைக் காதல் தோல்வி என்று கேட்கலாம். நாற்பதில் கேட்டால் பிரிவு. எனக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. ஒருத்தி தன் பிழைகளைத் தானே எண்ணிச் சொல்கிற நேர்மைதான் இப்போது எனக்குப் பெரிதாகக் கேட்கிறது. நான் கேட்டு வளர்ந்த சோகப் பாட்டுகளில் பிழை விதியில் இருக்கும், இல்லாவிட்டால் விட்டுப் போனவரில் இருக்கும். 'ரிவர்' பாடுகிறவள் தன்னோடு சீவிப்பது கஷ்டம், தான் சுயநலக்காரி, தான்தான் அவனைப் போகவைத்தேன் என்கிறாள். இரக்கமும் கேட்கவில்லை.

அவருக்கு 2015இல் மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது. மறுபடி கதைக்கவும் நடக்கவும் பழக வேண்டியிருந்தது. கிற்றாரில் விரல் எங்கே வைப்பது என்பதைத் தன் பழைய காணொளிகளைப் பார்த்துத்தான் திரும்பப் படித்தாராம். 2022 ஜூலையில் நியூபோர்ட் நாட்டார் இசைவிழாவில் எழுபத்தெட்டு வயதில் கதிரையில் இருந்தபடி பாடினார். 'ஏ கேஸ் ஒஃப் யூ'வும் பாடினார். அந்தக் காணொளியை மகள்தான் அனுப்பினாள். 1971இல் மேலே மேலே ஏறிய குரல் இப்போது கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல ஆழமாக இருக்கிறது. 2000இல் பெரிய வாத்தியக் குழுவோடு அதே பாட்டை ஒருமுறை பாடிப் பதிந்திருக்கிறார், அதுவும் கேட்க வேண்டியது. ஆனால் இரண்டுக்கும் போகமுன் இந்த 1971 தட்டைக் கேளுங்கள். அந்த இளம்பெண்ணைத் தெரியாமல் பின்னால் வந்த பெரிய மனுசி விளங்கமாட்டா.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். வேலை செய்யும்போது பின்னணியில் ஏதாவது ஓடட்டும் என்பவர்களுக்கு இது சரிவராது. நான் தைத்துக்கொண்டுதான் கேட்டேன், ஆனால் எத்தனை விளிம்பைப் பிரித்துத் திரும்பத் தைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். ஆட்கள் கூடியிருக்கிற வீட்டிலும் போடாதீர்கள். இது ஒருவருக்கு, அல்லது ஒருவரோடு இன்னொருவருக்கு.

பிறந்தநாளன்று பின்னேரம் மகள் போகவில்லை, என்னோடு இருந்தாள். அவள் சின்ன வயதிலிருந்து இந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவள், ஆனால் உறையில் அச்சான வரிகளை அன்றுதான் விரல் வைத்து வாசித்தாள். 'லிற்றில் கிறீன்' முடிந்தபோது நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் எழுதின கடிதங்களைப் பாட்டி எனக்கு வாசிச்சுக் காட்டுறவ. எல்லாத்திலயும் சுகம் எண்டுதானே இருந்தது?"

"ஓம்" என்றேன்.

"பாட்டி வாசிக்கேக்க சில இடத்தில நிப்பாட்டுவா. எழுத்து விளங்கேல்ல எண்டு சொல்லுவா."

என் எழுத்து எப்போதும் வடிவாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் அதற்குப் பரிசு வாங்கியவள் நான். ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை. 'கேரி' தொடங்கியிருந்தது. அவள் எழும்பிப் போய், தட்டில் மூன்றாவது பாட்டு தொடங்குகிற கோட்டைத் தேடி, குனிந்து, மெதுவாக ஊசியைத் திரும்ப வைத்தாள்.